ஆதரவு விலக்கப்பட்ட கால்

கடிதத்தின் முதல் வரி "மகிழ்ச்சியான செய்தி" என்றிருந்தது. அந்த மென்பொருள் கம்பெனி அனுப்பும் கடிதங்களில் மகிழ்ச்சி முதல் வரியோடு முடிந்துவிடும் என்பது வரைவாளருக்குத் தெரியாது. பத்தொன்பது வருடத்தில் கம்பெனி அவருக்கு எழுதிய முதல் கடிதமே அதுதான்.

வரைவாளர் நாற்பத்தாறு வயதுப் பெண். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்புறம், துணி வெளுக்கும் கூடத்துக்கும் ஜெனரேட்டர் கொட்டகைக்கும் நடுவில் இருந்த செயற்கைக்கால் பட்டறையில் அவருக்கு வேலை. வெட்டுப்பட்ட காலின் மிச்சம் போய் உட்காரும் பகுதியைப் பட்டறையில் கிண்ணம் என்பார்கள். அந்தக் கிண்ணத்தைக் கணினியில் வரைவது அவர் பொறுப்பு. அளவு இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் போதும், ஒரே வாரத்தில் தோல் பிய்ந்துவிடும். அதனால் அவர் பிசகுவதில்லை. அவருடைய கணினியும் பிசகுவதில்லை.

அது அரிசி மூட்டை அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்குக் கம்பெனி வைத்த பெயர் நங்கூரம். பத்தொன்பது வருடத்தில் அது இரண்டே தடவைதான் நின்றிருக்கிறது. ஒரு தடவை கரண்ட் போனது, இன்னொரு தடவை ஆஸ்பத்திரிப் பூனை வயரைப் பிடித்து இழுத்தது. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் அது ஓர் அனுமதி எண் கேட்கும். கம்பெனிக்குப் போன் செய்தால் பதிவு செய்த பெண் குரல் ஒன்று பன்னிரண்டு இலக்கங்களைச் சொல்லும். அதைத் தட்டினால் அடுத்த மாதம் வரை தொந்தரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை போன் செய்தபோது பெண் குரல் வரவில்லை. புல்லாங்குழல் வந்தது. பதினோரு மணிக்குத் தபாலில் கடிதம் வந்தது.

நங்கூரம் தனது நீண்ட பயணத்தை இனிதே நிறைவு செய்கிறது என்றது கடிதம். அனுமதி எண் வழங்கும் சேவை முப்பதாம் தேதியோடு முடிவதால் அதற்குள் ஆவன செய்து கொள்ளும்படி கேட்டுக் கொண்டது. வரைவாளர் காலண்டரைப் பார்த்தார். மூன்றாம் தேதி. முப்பதாம் தேதி போன மாதத்தோடு போய்விட்டிருந்தது. கடிதம் மேலும் சொன்னது: நங்கூரம் போட்ட கப்பல் நகராது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே தங்களை எங்களுடைய புதிய படைப்பான தென்றலுக்கு அன்புடன் அழைக்கிறோம்.

தென்றலில் கால் வரையும் மென்பொருள் இல்லை. அதை ஈடுகட்டும் விதமாகக் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில், அவருடைய தொழிலை மனதில் வைத்துக் கம்பெனி தேர்ந்தெடுத்த மூன்று இலவசங்கள் இருந்தன. பாதத்தைப் பிடித்துவிடும் முறைகள், செருப்பு அளவு மாற்றும் அட்டவணை, மரவட்டையை நடக்க வைக்கும் விளையாட்டு.

வரைவாளர் கடிதத்தை மடித்து வைக்கும்போது கண்டக்டரம்மா ஊன்றுகோல்களோடு உள்ளே வந்தாள். ஐந்து மாதத்துக்கு முன், பின்னால் எடுத்த பஸ்ஸுக்கு வழிகாட்ட இறங்கி, பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள். வலது முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடைதான் மிச்சம். வீக்கம் வற்றி, வெள்ளிக்கிழமைதான் கணினிக்கு அளவு எடுத்திருந்தார்கள். இருபத்தெட்டாம் தேதி மருத்துவக் குழுவுக்கு முன்னால் அவள் பத்து மீட்டர் நடந்து மூன்று படி ஏறி இறங்க வேண்டும். முடியாவிட்டால் வேலை போய்விடும். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

"டிராயிங்கம்மா, என் கால் எங்க வந்துக்கிட்டிருக்கு?"

"ஒரு நம்பர் வரணும். அது வந்துட்டா உடனே வரைஞ்சிடுவேன்."

"நம்பரா? நம்பர் பாத்து ஆளை ஏத்துறது என் வேலை. நீங்க எதுக்குக் காத்திருக்கீங்க?"

பட்டறையில் மாவுக்கட்டுப் போடுகிறவரை எல்லோரும் கட்டண்ணன் என்பார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்டக்டரம்மாவுக்கு முதலில் கையால்தான் இரண்டு கிண்ணம் செய்து பார்த்தார். எலும்பு முனை ஒன்று கோணலாக நீட்டிக்கொண்டிருந்ததால் இரண்டுமே புண்ணில் முடிந்தன. கணினியில் வரைந்து, எலும்புக்கு இடம் விட்டுக் குடைந்தால்தான் சரிப்படும் என்பது அவருக்குத் தெரியும்.

மதியம் போனில் ஓர் ஆள் கிடைத்தான்.

"வணக்கம் மேடம், நான் உங்க மகிழ்ச்சித் தோழன். இன்னிக்கு உங்களை எப்படி மகிழ்விக்கலாம்?"

"நங்கூரத்துக்கு அனுமதி எண் வேணும்."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. "அப்படி ஒரு பொருளே எங்ககிட்ட இல்லையே மேடம்."

"நீங்கதானப்பா செஞ்சீங்க."

"இருக்கலாம் மேடம். பழைய பொருளோட பேரெல்லாம் எங்க திரையில வராது. பாத்தா எங்களுக்கு வருத்தமா இருக்கும்னு எடுத்துட்டாங்க."

"சரி, பேரை நான் சொல்லிட்டேன். எண்ணை மட்டும் நீங்க சொல்லுங்க."

"இல்லாத பொருளுக்கு எண் சொன்னா அது மோசடி ஆயிடும் மேடம். நீங்க இப்போ சோகமா இருக்கீங்களா?"

"கோபமா இருக்கேன்."

"துக்கத்துல கோபம் ரெண்டாவது கட்டம் மேடம். பொதுவா நம்ப மறுக்கிறதுலதான் ஆரம்பிப்பாங்க. நீங்க நேரா ரெண்டாவதுக்கு வந்துட்டீங்க. வாழ்த்துகள்! மத்த கட்டமெல்லாம் நேர்லதான் பண்ணுவாங்க. ஆயுள்முடிவுத் துறைன்னு இருக்கு, அங்க போங்க."

வீட்டில் அவருடைய கணவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பள்ளிக்கூட ஆபீசில் குமாஸ்தா என்பதால் கடித நடையில் அவருக்கு அக்கறை உண்டு.

"நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார். "உன் மேல அவனுக்கு ஒரு கோபமும் இருக்கிற மாதிரி தெரியல."

"நான் என்ன பண்ணேன், என் மேல கோபப்பட?"

"அதான் சொல்றேன். விடு. தென்றலுக்கு மாறிடு. நான் போன்ல மாத்தலையா?"

அவர் போன் தென்றலுக்கு மாறி ஒரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அதைக் குப்புற வைத்தால்தான் மணி அடிக்கிறது. அப்போதும் அது குப்புறத்தான் கிடந்தது. வரைவாளர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனார். ஒன்பது மாடிக் கண்ணாடிக் கட்டடம். கீழே வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண், வந்த காரணத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, "உங்க இழப்புக்கு வருந்துறோம்" என்று சொல்லி ஓர் அறைக்கு அழைத்துப் போனாள். கதவில் ஆறுதல் அறை என்று எழுதியிருந்தது. உள்ளே இரண்டு சோபா, சூரியன் மறைகிற படம் ஒன்று, கண் துடைக்கக் காகிதப் பெட்டி ஒன்று. பெட்டி காலி.

ஆயுள்முடிவுத் துறையின் துணைத் தலைவர் வெள்ளை ஷூவோடு வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. உட்கார்ந்து இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, துக்கம் விசாரிப்பவர் மாதிரி தலையை ஆட்டினார்.

"எத்தனை வருஷமா மேடம்?"

"பத்தொன்பது."

"பத்தொன்பது வருஷத்துல நீங்க எங்களுக்கு எத்தனை தடவை போன் பண்ணியிருப்பீங்க? எண் கேக்குறதை விட்டுடுங்க. ஒரு புகார், ஒரு சந்தேகம்?"

வரைவாளர் யோசித்தார். "ஒண்ணும் இல்லையே. நல்லாத்தானே ஓடிச்சு."

"பாத்தீங்களா!" துணைத் தலைவர் உண்மையாகவே வேதனைப்பட்டார். "நங்கூரத்துல இருந்த பெரிய பிரச்சினையே அதுதான் மேடம். அது பிரச்சினை பண்றதேயில்லை. பத்தொன்பது வருஷம் நீங்க எங்களை நினைச்சுக்கூடப் பாக்கல. இது ஒரு உறவா? தென்றல் வாங்கினவங்க தினம் ரெண்டு தடவை எங்ககிட்ட பேசுறாங்க. சில பேர் அழுவாங்க. அவ்வளவு நெருக்கம்."

வரைவாளர் பையிலிருந்து கண்டக்டரம்மாவின் அளவுத்தாளை எடுத்து மேசையில் விரித்தார். நாலு விரற்கடை மிச்சம், கோணல் எலும்பு, இருபத்தெட்டாம் தேதி, மூன்று படி எல்லாவற்றையும் சொன்னார். துணைத் தலைவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"கால் இல்லாதவங்க மேல எங்க கம்பெனிக்கு ரொம்ப மரியாதை மேடம். வரும்போது வாசல்ல சாய்வுதளம் பாத்திருப்பீங்களே?"

"எனக்கு ஒரே ஒரு எண் போதும். அந்த எண்ணைக் குடுக்கிற பெட்டி எங்க இருக்கு?"

"இதே கட்டடத்துலதான். தரைக்குக் கீழ."

"கெட்டுப்போச்சா?"

"சேச்சே, நல்லா ஓடுது. அதுவும் நங்கூரம்தானே. அதை நிறுத்தத் தெரிஞ்சவங்க எல்லாம் வேலையை விட்டுப் போயிட்டாங்க, அதனால நிறுத்த முடியல. போன் லைனை மட்டும் வெட்டிட்டோம்."

"அப்போ கீழ போய் ஒரு எண் எழுதிக்கிட்டு வந்து குடுங்களேன். ரெண்டு நிமிஷ வேலை."

"எழுதலாம். ஆனா நான் ஆயுள்முடிவுத் துறை மேடம். ஆயுளை நீட்டிக்கிறது வேற துறை."

"அவங்களைப் பாக்குறேன்."

"அந்தத் துறையை மூடியாச்சு. நான்தான் மூடினேன்" என்றார் அடக்கத்தோடு. "அதுக்குத்தான் இந்தப் பதவியே குடுத்தாங்க."

வரைவாளர் தாளை மடித்தார். அவர் எழுவதைப் பார்த்ததும் துணைத் தலைவருக்கு ஏதோ ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை நங்கூரத்துக்கு வழியனுப்பு விழா நடக்கப் போகிறது. எம்.டி.யே வருகிறார். நீண்டகாலப் பயனாளர் ஒருவர் மேடையேறி இரண்டு நிமிடம் நன்றி சொல்ல வேண்டும். இருபத்தெட்டுப் பேரைக் கூப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது.

"ஒருத்தரும் சம்மதிக்கல மேடம். ஒருத்தர் கெட்ட வார்த்தையே சொல்லிட்டாரு. நீங்க வந்தா எம்.டி.கிட்ட நேராவே கேட்டுக்கலாம்."

வரைவாளர் சம்மதித்தார். எம்.டி.க்கு விஷயத்தைக் காட்டிப் புரியவைக்கலாம் என்ற எண்ணத்தில், கால் வரையும் மென்பொருளையும் கண்டக்டரம்மாவின் அளவுகளையும் ஒரு வட்டில் போட்டு எடுத்துக்கொண்டார். துணைக்குக் கட்டண்ணன் வந்தார். "செத்த வீட்டுக்குத் தனியா போகக் கூடாது" என்றார்.

விழா எட்டாவது மாடிக் கூடத்தில் நடந்தது. ஊழியர்கள் இருநூறு பேர் சட்டையில் கறுப்பு வில்லை குத்தியிருந்தார்கள். வில்லையில் ஒரு சிரித்த முகம். மேடையின் நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேசை மேல், பட்டறையில் இருப்பதைப் போலவே ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அதன் மேல் மலர்வளையம் சாத்தியிருந்தார்கள். அதன் சின்னத் திரையில் "போய் வருகிறேன்" என்ற வாசகம் இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது. விழா முடிவில் எம்.டி. தன் கையாலேயே அதை அணைப்பதாக ஏற்பாடு.

பின்னால் சுவர் முழுக்க இருந்த பெரிய திரை தென்றலில் ஓடியது. விளக்கு, மைக், குடிதண்ணீர் இயந்திரம், கூடத்தின் கதவுகள் எல்லாமே தென்றலில்தான் ஓடின. துணைத் தலைவர் வரவேற்புரையில் இதைப் பெருமையோடு குறிப்பிட்டார்.

எம்.டி. எழுந்தார். ஆறடி உயரம், அதற்குத் தகுந்த குரல்.

"நண்பர்களே! நங்கூரத்தை உருவாக்க நாற்பது பொறியாளர்கள் ஆறு வருடம் உழைத்தார்கள். தென்றலை நாம் பதினோரு மாதத்தில் உருவாக்கினோம்!"

கைத்தட்டல்.

"அதில் எட்டு மாதம் பெயர் வைப்பதற்கே போய்விட்டது!"

இன்னும் பலமாகக் கைத்தட்டல்.

"நன்றாக ஓடுவதை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று சில வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். நான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன். நன்றாக ஓடுவதை நிறுத்தாவிட்டால் நன்றாக ஓடாததை யாரிடம் விற்பது? நங்கூரம், வாடிக்கையாளர் சொன்னதைச் செய்தது. தென்றல், நாம் சொல்வதைச் செய்கிறது. இதுதான் வளர்ச்சி! இந்த வளர்ச்சியை இப்போது திரையில்..."

பெரிய திரை நீல நிறமானது. "தென்றல் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. தயவுசெய்து எதையும் தொடாதீர்கள். 4%" என்று எழுத்து வந்தது. மைக் நின்றது. பாதி விளக்குகள் அணைந்தன. கதவுகள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழிட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

முதல் பத்து நிமிடம் எம்.டி. மைக் இல்லாமலேயே பேசினார். பிறகு தொண்டை கட்டியது. தண்ணீர் இயந்திரம் ஒரு சொட்டுவிட்டு 4% காட்டியது. கதவைத் திறக்க நாலு பேர் முயன்று பார்த்தார்கள். கட்டடப் பொறுப்பாளருக்கு போன் செய்தார்கள். அவருடைய போனும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது.

வரைவாளர் இதுதான் சமயம் என்று எம்.டி.யிடம் போனார். விஷயத்தைச் சொன்னார். பன்னிரண்டு இலக்கம், அவ்வளவுதான் என்றார்.

"நம்பரா?" எம்.டி. அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் நம்பரெல்லாம் பாக்குறதில்லம்மா. நான் தொலைநோக்கு பாக்குறவன். ரொம்ப தூரத்துல பாத்துப் பழகிட்டேன், பக்கத்துல இருக்கிறது தெரியாது. யாருக்கும்மா கால் வேணும்?"

"ஒரு பஸ் கண்டக்டருக்கு."

"பாருங்க, பஸ்ஸுல கண்டக்டரே இல்லாம பண்றதுக்கு எங்ககிட்ட ஒரு திட்டம் இருக்கு. அது வந்துட்டா இந்தப் பிரச்சினையே இருக்காது."

வரைவாளர் மேடைக்குத் திரும்பி வந்தார். இத்தனை நாள் இருந்த கோபத்துக்குக் கீழே வேறொன்று இருந்தது. அது என்னவென்று இப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. இந்த மனிதர்களிடம் ஏதோ காரணம் இருக்கும், தனக்குத்தான் புரியவில்லை என்று உள்ளூர நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கை போனதும் மனசு லேசானது. அவர் சாம்பல் பெட்டியைப் பார்த்தார். அதன் திரை மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. விசைப்பலகையில் ஒரு தட்டு தட்டினார். நகர்ந்துகொண்டிருந்த வாசகம் மறைந்து பழகிய முகப்பு வந்தது. கீழ் மூலையில் சின்ன எழுத்தில் "கம்பெனியின் சொந்த இயந்திரம். அனுமதி: நிரந்தரம்" என்றிருந்தது.

"கட்டண்ணே, இந்த வளையத்தைக் கொஞ்சம் எடுங்க."

கட்டண்ணன் மலர்வளையத்தைத் தூக்கினார். வைக்க வேறு இடம் இல்லாததால் எம்.டி.யின் நாற்காலியில் வைத்தார்.

வரைவாளர் வட்டைச் செருகினார். மென்பொருளை ஏற்ற ஆறு நிமிடம் ஆனது. கண்டக்டரம்மாவின் அளவுகள் திரையில் விரிந்தன. கோணல் எலும்புக்கு எதிரே எவ்வளவு இடம் விட வேண்டும், முழங்கால் சில்லுக்குக் கீழே எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வரைய ஆரம்பித்தார். அரைமணி நேரத்தில் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. அடைபட்டுக் கிடந்தவர்களுக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை. கிண்ணம் திரையில் திரும்பித் திரும்பி நிற்பதை, சொந்தக் கம்பெனிப் பொருள் வேலை செய்வதை முதன்முதலாகப் பார்க்கிறவர்களின் ஆச்சரியத்தோடு பார்த்தார்கள்.

"இது நிக்கவே மாட்டேங்குதே" என்றாள் ஒரு பெண். "எங்க கிடைக்கும் சார்?"

"கிடைக்காது" என்றார் துணைத் தலைவர். "நல்லவேளை."

பிறகு நிலைமையைச் சமாளிக்க, "நங்கூரத்தின் கடைசி மூச்சு, நமது சிறப்பு நிகழ்ச்சி" என்று உரக்க அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எம்.டி. மலர்வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அவரும் தட்டினார்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வரைவாளர் வட்டை வெளியே எடுக்கும்போது பெரிய திரை 61% காட்டியது. அப்போது தென்றலின் கரண்ட்டை மட்டும் பிடுங்கிப் போடும் துணிச்சல் ஒருவருக்கு வந்து, கதவுகள் திறந்துகொண்டன.

ஆனாலும் விழா முறைப்படி முடிய வேண்டும் அல்லவா? விளக்கு வந்ததும் எம்.டி. மேடையேறி, தலையைக் குனிந்து, சாம்பல் பெட்டியின் திரையில் இருந்த பொத்தானை அமுக்கினார். திரை இருண்டது. அணைந்தது திரை மட்டும்தான், பெட்டி அணையவில்லை என்பதை வரைவாளரும் கட்டண்ணனும் கவனித்தார்கள். இருநூறு பேரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள். அந்த மௌனத்தில் பெட்டியின் விசிறி ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது.

கூட்டம் கலைந்ததும் துணைத் தலைவர் ஒரு படிவத்தோடு தவித்துக்கொண்டு நின்றார். ஆயுள் முடிந்த பொருள் கட்டடத்துக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. அப்புறப்படுத்த வேண்டுமானால், உரிமையுள்ளவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் போடுறேன்" என்றார் வரைவாளர்.

"உறவுமுறை எழுதணுமே மேடம்."

"கூட வேலை பாத்தவங்கன்னு எழுதுங்க."

"அப்படி ஒரு கட்டம் இல்லை. பெத்தவங்க, பிள்ளை, சம்பந்தி. மூணுதான்."

"சம்பந்தின்னு போடுங்க சார்" என்றார் கட்டண்ணன். "நம்ம பக்கம் ஒண்ணு, அவங்க பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு பெட்டி இருந்துச்சில்ல. முறை சரியா வருது."

துணைத் தலைவர் நிம்மதியோடு எழுதிக்கொண்டார். இரண்டு பேருமாகப் பெட்டியை வெள்ளைத் துணியோடு தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போனார்கள். லிஃப்டும் தென்றல் என்று தெரிந்ததும் படிக்கட்டில் இறங்கினார்கள்.

கிண்ணம் சனிக்கிழமை தயாரானது. கண்டக்டரம்மா அதை மாட்டிக்கொண்டு பிடித்து நடக்கும் இணைக்கம்பிகளுக்கு நடுவில் எழுந்து நின்றாள். முதல் இரண்டு நாளும் கம்பியை விடவில்லை. எங்கே குத்துகிறது என்று வரைவாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது நாள் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "எங்கயும் குத்தல டிராயிங்கம்மா, அதான் பயமா இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். கட்டண்ணன் ஏதோ எடுக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருபத்தெட்டாம் தேதி அவள் பத்து மீட்டர் நடந்தாள். மூன்று படி ஏறி இறங்கினாள். போதும் என்று டாக்டர்கள் சொன்ன பிறகும் இன்னொரு தடவை ஏறி இறங்கிக் காட்டினாள். அடுத்த வாரமே பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அப்புறம் இரண்டரை மாதத்தில் சாம்பல் பெட்டி மேலும் எட்டுக் கால்களை வரைந்துகொடுத்தது. பிறகு ஒரு நோட்டீஸ் வந்தது. "நங்கூரத்தின் சம்பந்தி அவர்களுக்கு" என்று விலாசமிட்டிருந்தது. ஆயுள் முடிந்த மென்பொருளில் வரையப்பட்ட ஒன்பது கால்களும் கம்பெனியின் கொள்கைப்படி ஆதரவு விலக்கப்பட்ட பொருட்கள். அவற்றைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அல்லது அதிகாரி நேரில் வந்து ஒட்டும் எச்சரிக்கை வில்லையோடு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

கட்டண்ணன் அதை வாங்கிப் படித்தார். "ஆதரவு இல்லாத காலா? அறுபத்தஞ்சு கிலோ உடம்பைத் தாங்கிக்கிட்டு நிக்குதே, அது யாரோட ஆதரவு?"

மறுவாரம் துணைத் தலைவரே பெரிய வில்லைச் சுருள் ஒன்றோடு பட்டறைக்கு வந்தார். மஞ்சள் நிறத்தில், "இந்தக் காலை நம்ப வேண்டாம்" என்று அச்சடித்திருந்தது.

"முதல் காலிலிருந்து வரிசையா ஒட்டணும் மேடம். அது எங்க இருக்கு?"

"அது வேலைக்குப் போயிருக்கு" என்றார் வரைவாளர். பஸ்ஸின் தடத்தையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பத்தாவது கால் பாதியில் இருந்தது.

துணைத் தலைவர் பஸ் ஏறியபோது நல்ல கூட்டம். கண்டக்டரம்மா தோளில் பையோடு, எதையும் பிடிக்காமல் நடுவழியில் நின்று சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"டிக்கெட்."

"நான் பயணி இல்ல மேடம். கம்பெனி அதிகாரி. உங்க கால் விஷயமா வந்திருக்கேன்."

"எந்தக் கால்?"

"வலது கால். அதுக்கு ஆதரவு விலக்கியாச்சு. நீங்க அதை நம்பி நிக்கவே கூடாது. இந்த வில்லையை மட்டும் ஒட்டிட்டு..."

டிரைவர் வளைவில் பிரேக் போட்டார். துணைத் தலைவர் வில்லைச் சுருளோடு முன்னால் பாய்ந்து, கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டார். அகப்பட்டது கண்டக்டரம்மாவின் முழங்கை. அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. வளைவு முடியும் வரை அவர் அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் வில்லை ஒன்று அவர் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"இந்தாங்க சார்" என்றாள் அவள், கையை விடுவித்துக்கொண்டு. "பஸ்ஸுல ரெண்டே வகை ஆளுங்கதான். டிக்கெட் எடுத்தவங்க, எறங்கப் போறவங்க. நீங்க எது?"

"நான் ரெண்டும் இல்ல மேடம். என்னோடது ஆய்வு. எங்க கொள்கைப்படி..."

விசில் ஊதினாள். பஸ் நின்றது. ஒரு பக்கம் நீளமான மதில், இன்னொரு பக்கம் சாக்கடை. வெயில் கொளுத்தியது. துணைத் தலைவர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"இங்க ஸ்டாப்பே இல்லையே மேடம்?"

"இல்லதான். உங்களுக்கு இதோட சேவை முடிஞ்சுது. எறங்குங்க."

அவர் இறங்கினார். அவள் இரட்டை விசில் கொடுத்தாள்.